முப்பதுக்குப் பிறகு முப்பத்தைந்து

ட்ரினிட்டி சர்க்கிளைத் தாண்டும்போதுதான், கையில் இருந்த காகிதத்தை மடிக்காமல் விரித்துப் பிடித்தபடியே நடந்து வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. ஓரம் வியர்வையில் நனைந்திருந்தது. அதில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு கையெழுத்து, என் பெயர். ஸ்டாம்ப் மை கலைந்துவிடுமோ என்று சட்டைப் பையில் வைத்தேன். பையும் ஈரமாக இருந்தது. மறுபடி வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

ஜோகுபாளையம் பக்கம் ஒரு காலேஜ் ஹாலில் கூட்டம். அது முடியும் முன்பே எழுந்து வந்துவிட்டேன். நீலசந்திராவுக்கு பஸ் இருக்கிறது, ஏறவில்லை. ஏறினால் சீக்கிரம் அக்கா முன்னால் போய் நிற்க வேண்டும். நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். அக்காவிடம் சொல்ல வேண்டியவை இரண்டு. மனுவை வாங்கிக்கொண்டார்கள் என்பது ஒன்று. அவள் வீட்டுச் சுவரில் இருந்த நம்பரை அழித்தது யார், எதற்காக அழித்தார்கள் என்பதை மைக்கில் சொல்லிவிட்டேன் என்பது இன்னொன்று. ஹாலில் மூன்றாவது வரிசையில் அவளுடைய சம்பந்தி உட்கார்ந்திருந்தார்.

முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விட்டுவிட முடியுமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

நான் ஏழாவது வரை படித்தவன். எட்டாவதுக்கு மூன்று மாதம் போனேன், அது சேர்த்தி இல்லை. ஓசூரில் லேத் பட்டறை, திருப்பூரில் சாயப்பட்டறை, ஹெப்பகோடியில் அட்டைப்பெட்டி கம்பெனி, இவற்றுக்கு நடுவில் எல்லாம் பெயிண்ட் வேலை. எந்த ஊரிலும் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. அட்டைப்பெட்டி கம்பெனியில் ஆள் குறைத்தபோது என் பெயர் முதலில் வந்தது. பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தேன். இரண்டு வாரம் என்று சொல்லி வந்தவன், எட்டு மாதம் ஆகிவிட்டது.

அக்கா வீடு ராஜகாலுவை ஓரத்தில் இருக்கிறது. மழைத் தண்ணீருக்காக வெட்டிய பெரிய கால்வாய் அது. இப்போது எல்லாத் தண்ணீரும் அதில்தான் போகிறது. ஓர் அறை, முன்னால் ஷீட் போட்ட சமையல் இடம். புருஷன் இறந்த பிறகு, அந்த வீட்டில் இருந்தபடி அபார்ட்மென்ட்களில் சமைத்துத்தான் மகளை பி.காம். வரை படிக்க வைத்தாள். பலமாக மழை பெய்தால் தண்ணீர் வாசற்படி வரை வரும். சில வருஷம் உள்ளேயும் வரும். அரிசி டப்பாவைக் கட்டில் மேல் ஏற்றி வைப்பார்கள். அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

நான் வந்த புதிதில் கால்வாயை அகலப்படுத்தப்போவதாகச் சொல்லிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். யுனிவர்சிட்டியில் நகரத் திட்டம் படிக்கும் பிள்ளைகள் முன்னால் நடந்து, வீடு வீடாகப் போட்டோ எடுத்தார்கள். பின்னால் டேப் பிடிக்க இரண்டு பேர், கடைசியில் சிவப்பு பெயிண்ட் டப்பாவோடு ஒருவர். ஒவ்வொரு வாசல் பக்கத்திலும் ஒரு நம்பர் எழுதிக்கொண்டு போனார்கள். அக்கா வீட்டுக்கு முப்பத்தொன்று.

"இது எதுக்கு சார்?" என்று அக்கா கேட்டாள்.

"சர்வேம்மா" என்றார் பெயிண்ட் டப்பாக்காரர். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது என்று இப்போது புரிகிறது.

இந்த ஊரில் சுவரில் சிவப்பு நம்பர் விழுந்தால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: இடிக்கப்போகிறார்கள். ரோடு அகலப்படுத்திய இடங்களில் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த நம்பர்தான் நாம் அங்கே குடியிருக்கிறோம் என்பதற்குச் சாட்சி, அது இருந்தால்தான் மாற்று வீடு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருப்போமா என்பது வேறு விஷயம்.

அடுத்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பையன் வீடு கால்வாய்க்கு அந்தப் பக்கம், பாலம் தாண்டிப் போக வேண்டும். அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல இடம். அக்கா வாசலில் நின்று அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்றவங்க மொதல்ல பாக்கறது வாசலைத்தான்டா. இடிக்கப்போற வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சா காபியக் கூட தொட மாட்டாங்க. அத எப்படியாச்சும் எடுத்துடு."

சுண்ணாம்பு அடித்தால் சிவப்பு மேலே ஊறி வரும். அதனால் முதலில் சுரண்டினேன். பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, அதற்கு மேல் வெளிர் மஞ்சள் டிஸ்டெம்பர் இரண்டு கோட். கையை வைத்துத் தடவினால்கூட அங்கே ஒன்று இருந்தது என்று தெரியாது. சொந்த வீட்டு வேலை என்பதால் கொஞ்சம் கூடவே கவனமாகச் செய்தேன்.

அது மற்றவர்கள் கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டுக்காரி, "உங்க வாசல் மட்டும் பளபளன்னு, எங்க வாசல் நம்பரோட நிக்கணுமா மாமா? உங்க அக்கா வீட்டுக்கு வர்றவங்க எங்க வாசலத் தாண்டித்தானே வரணும்" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. டிஸ்டெம்பரும் மீதி இருந்தது. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு, மூன்றையும் அழித்தேன். முப்பத்தைந்து சந்து முனைக்கு அந்தப் பக்கம். பெண் பார்த்தார்கள், காபி குடித்தார்கள், நிச்சயம் ஆனது, கல்யாணமும் ஆனது. தாய்மாமன் என்று எனக்கு ஒரு பட்டுச்சட்டை எடுத்துக் கொடுத்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டாவது தடவை வந்தார்கள். இந்தத் தடவை நம்பர் இருக்கும் வீட்டுக் கதவை மட்டும் தட்டி, பெயர் எழுதிக்கொண்டார்கள். எங்கள் நான்கு கதவையும் தட்டாமல் தாண்டிப் போனார்கள். தொல்லை விட்டது என்று அக்கா சந்தோஷப்பட்டாள். பிறகு வார்டு ஆபீஸ் சுவரில் லிஸ்ட் ஒட்டினார்கள். லிஸ்டில் இருப்பவர்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஒரு வீடு. இல்லாதவர்கள் காலி செய்ய வேண்டும், அவ்வளவுதான். எனக்குக் கன்னடம் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் நம்பர் படிக்க எந்த மொழியும் தேவையில்லை. முப்பதுக்குப் பிறகு முப்பத்தைந்து இருந்தது. மேலிருந்து கீழே மூன்று தடவை விரலை வைத்துப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி நேராக முன்னாள் கார்ப்பரேட்டர் வீட்டு கேட்டுக்குப் போனாள். கார்ப்பரேஷன் தேர்தல் நடந்து வருஷங்கள் ஆகின்றன. இப்போது வார்டுக்கு என்று ஆள் யாரும் இல்லை. இருந்தாலும் பழக்கத்தில் எல்லாரும் அந்த கேட்டுக்குத்தான் போவார்கள். அவர், "நான் இப்ப உங்கள மாதிரிதாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆட்சேபம் இருந்தால் எழுதிக்கொண்டு கூட்டத்துக்கு வரலாம் என்று லிஸ்டின் அடியில் போட்டிருந்தது.

யார் போவது என்று வந்தபோது நான்கு வீட்டாரும் என்னைப் பார்த்தார்கள். அழித்தவன் நான். வேலைக்குப் போகாமல் இருப்பவனும் நான்தான்.

அக்கா ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினாள். "நம்பர் எங்கன்னு கேட்டா மழையில போச்சுன்னு சொல்லு. வேற வாயத் தொறக்காத. சம்பந்தி வீட்டுக் காதுக்குப் போனா, மறைச்சுக் கட்டிக் குடுத்தோம்னு பொண்ண அங்க சொல்லிக் காட்டுவாங்க."

ஹாலில் பலகை வைத்த நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பேசுகிறவர்களுக்கு டோக்கன், ஆளுக்கு மூன்று நிமிஷம். என் டோக்கன் இருபத்திரண்டு. முன்னால் பேசியவர்களில் பாதிப்பேர் அபார்ட்மென்ட்காரர்கள். கால்வாய் ஓரம் நடைபாதை வேண்டும், சைக்கிள் போக வழி வேண்டும், விளக்கு எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று ஸ்க்ரீனில் படம் காட்டிப் பேசினார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். நாற்றத்தைப் பற்றி அவர்கள் சொன்னது எல்லாமே உண்மை. படத்தில் கால்வாய் ஓரம் புல்லும் பெஞ்சும் இருந்தன. எங்கள் வாசல் எந்தப் பெஞ்சுக்கு அடியில் வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மூன்றாவது வரிசையில் சம்பந்தியின் பின்கழுத்தைக் கண்டுபிடித்தேன். அவர் இங்கே ஏன் வந்திருக்கிறார் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நாற்காலியில் தாழ்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

என் மனுவைக் கன்னடத்தில் எழுதிக்கொடுத்தது யுனிவர்சிட்டிப் பெண் ஒருத்தி, முதல் தடவை போட்டோ எடுத்துக்கொண்டு வந்தவர்களில் ஒருத்தி. "போட்டோ இதே, இருக்கு அங்கிள், பயப்படாதீங்க" என்று எனக்காகத் தமிழும் கன்னடமும் கலந்து சொன்னாள். என் டோக்கன் வந்ததும் ஸ்க்ரீனில் அந்தப் போட்டோவைப் போட்டாள். அக்கா வாசல், நீல ட்ரம், காயப்போட்ட புடவை, பக்கத்தில் சிவப்பில் முப்பத்தொன்று. அடுத்து மற்ற மூன்று வாசல்களும்.

மேடையில் உட்கார்ந்திருந்த கார்ப்பரேஷன் இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார்.

"நம்பர் போட்டது நெஜந்தான். இப்ப அது எங்கப்பா?"

"மழையில போயிடுச்சுங்க."

"உங்க நாலு வீட்டுக்கு மட்டும் பெஞ்சுதா? முப்பதுல பெய்யல, முப்பத்தஞ்சுல பெய்யல."

ஹால் சிரித்தது. எனாமல் பெயிண்ட் மழையில் போகாது. அவருக்கு அது தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். என் வாயால் இன்னொரு தடவை அதைச் சொல்ல முடியவில்லை. என் தொழில் அது.

"நான்தாங்க அழிச்சேன்" என்றேன்.

"எதுக்கு?"

மூன்றாவது வரிசையைப் பார்க்காமல் சொன்னேன். பெண் பார்க்க வந்தார்கள், இடிக்கப்போகும் வீடு என்று நினைத்துவிடுவார்கள் என்று பயந்தோம், அக்கா வீட்டு நம்பரை அழித்தேன், அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். மூன்று நிமிஷம் தேவைப்படவில்லை. இந்தத் தடவை ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. இன்ஜினியர் பேனாவை மேஜையில் இரண்டு தடவை தட்டிவிட்டு, கிளார்க்கிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லி எழுதச் சொன்னார். ஸ்டாம்ப் விழுந்தது.

"நாங்க வந்து பாப்போம். மனு யார் பேர்ல இருக்கோ அந்த ஆள் ஸ்பாட்ல இருக்கணும். எப்ப வருவோம்னு சொல்ல முடியாது. ஆள் இல்லன்னா ஃபைல் க்ளோஸ்."

மனு என் பெயரில் இருந்தது. அக்கா வர முடியாது என்பதால் அந்தப் பெண் என் பெயரைப் போட்டிருந்தாள். அப்போது அதில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

வெளியே டீக்கடையில் ஒருவர் என்னை நிறுத்தினார். அளக்கும் ஆட்களின் மேஸ்திரி. "அழிச்சது நீதானா? ரெண்டாவது ரவுண்டுல நான் வந்தேன். நம்பர் எங்கன்னு அந்தச் செவுத்தத் தடவியே பாத்தேன், ஒரு மேடு பள்ளம் இல்ல. எழுத வருமா?"

"வரும்."

"நம்பர் எழுதற ஆளு ஊருக்குப் போனவன் திரும்பல. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு."

டீக்கு நிற்காமல் நடந்துவிட்டேன். ஒரு இடத்தில் காரியம் கெட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதுதான் என் வழக்கம். ட்ரினிட்டி சர்க்கிளிலிருந்து விக்டோரியா ரோடு வரை அந்தப் பையைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன். ஹெப்பகோடியில் ஒரு ரூமில் இடம் இருப்பதாகப் போன வாரம் கேள்விப்பட்டிருந்தேன்.

ஆஸ்டின் டவுனுக்குக் கொஞ்சம் முன்னால் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. ஒதுங்கினேன். மறுபடி அடித்தது. திரும்பினால் சம்பந்தி, ஸ்கூட்டரில்.

"ஏறு தம்பி."

"பரவால்லங்க, நடந்துக்கறேன்."

"ஏறுன்னா ஏறு. வெயில்ல நடந்து என்னத்த யோசிக்கப்போற."

ஏறினேன். பஸ் ஓட்டிய ஆள், ஸ்கூட்டரையும் பஸ் மாதிரிதான் ஓட்டினார், எல்லாரும் வழிவிட வேண்டும். சிக்னலில் நின்றபோது தலையைத் திருப்பாமலே கேட்டார். "நம்பர் இருக்குன்னு தெரிஞ்சா வேணாம்னு சொல்லியிருப்போம்னு நெனச்சீங்களா?"

"அக்காவுக்குப் பயம்ங்க."

"சொல்லித்தான் இருப்போம்" என்றார். "நான் இல்ல. என் சம்சாரம் சொல்லியிருப்பா."

சிக்னல் மாறியது. அவர் நகரவில்லை. பின்னால் ஆட்டோக்காரர் கத்தினார்.

"நிச்சயத்துக்கு எங்க வீட்டுக்கு வந்தீங்களே. வாசல்ல என்ன இருந்துது?"

"பேனர். மாப்பிள்ளை போட்டோ போட்டது."

"ஆளு உசரத்துக்கு, கதவ ஒட்டி. யாராவது கதவு பக்கத்துல பேனர் கட்டுவாங்களா?"

எனக்கு அப்போதும் புரியவில்லை.

"தொண்ணூத்தி ரெண்டு" என்றார். "அதுக்குப் பின்னாடி."

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. நானும் சிரித்தேன். ஆட்டோக்காரர் எங்களைத் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார். கொஞ்ச தூரம் போன பிறகு சம்பந்தி சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்.

"நாங்க மறுநாளே பேனரக் கழட்டிட்டோம். ரெண்டாவது தடவ வந்தவங்க பாத்து டிக் போட்டுட்டாங்க. குடுக்கப்போற வீடு எவ்வளவு பெருசுன்னு கேக்கத்தான் இன்னிக்கு நான் வந்தேன். உங்களுது என்ன ஆவும்?"

"தெரியலைங்க."

பாலத்துக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டார். "என் சம்சாரத்துகிட்ட நான் பேசிக்கறேன். நீ உங்க அக்காகிட்ட பேனர் விஷயம் சொல்லிடாத. மானம் போவும்."

அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். காகிதத்தை அவள் முன்னால் வைத்தேன். சொல்ல வேண்டிய இரண்டையும் சொன்னேன். நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எல்லாரும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"அவரு?"

"அவருந்தான்."

"என்ன சொன்னாரு?"

"ஸ்கூட்டர்ல கொண்டாந்து விட்டாரு."

இப்போதுதான் கத்தி நின்றது. "இங்க வரைக்குமா?"

"பாலம் வரைக்கும்."

ஒரு மூச்சு விட்டாள். பிறகு காகிதத்தை எடுத்து, படிக்கத் தெரியாத கன்னடத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். "சேத்துக்குவாங்களா?"

"வந்து பாப்பாங்களாம். எப்பன்னு தெரியாது. வரும்போது நான் இருக்கணுமாம், இல்லன்னா முடிச்சிடுவாங்களாம்."

"நீயா?" என்றாள். ஆணியில் தொங்கிய என் பையைப் பார்த்தாள். மறுபடி பீன்ஸை எடுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குள் மற்ற மூன்று வீட்டாரும் வந்துவிட்டார்கள். ஸ்டாம்ப்பை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு யோசனை வந்தது.

"எதுக்கு அவங்க வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு? மாமா பெயிண்டர்தானே. நாலு நம்பரையும் அவரே எழுதிட்டா?"

எழுதியிருக்க முடியும். அந்த மூன்றின் வளைவும் ஒன்றின் சாய்வும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சுரண்டியவனுக்கு மறக்காது. ஆனால் அழித்தேன் என்று ஃபைலில் ஏறியிருக்கிறது. அதற்கு மேல் புது நம்பரைப் பார்த்தால் போட்டோவையும் பொய் என்று சொல்லிவிடுவார்கள். "வேணாம்" என்றேன். "அவங்கதான் எழுதணும்."

"அப்போ அவங்க வர்ற வரைக்கும் இரு மாமா" என்றாள். "வேல சுத்தம்னு பேரு வாங்கிக்கிட்டு ஓடிடாத."

எல்லாரும் சிரித்தார்கள், என்னைப் பார்த்துக்கொண்டே. அன்று வாசலுக்கு வெளியே ஒவ்வொரு முறை பைக் நிற்கும்போதும் எழுந்து போய்ப் பார்த்தேன். யாராக இருந்தாலும் ஆபீஸ் ஆள் மாதிரியே தெரிந்தது. இப்படி எத்தனை நாள் உட்கார்ந்திருக்க முடியும்? சோற்றுக்கு என்ன செய்வது? வேலைக்குப் போன நேரம் அவர்கள் வந்தால்? மேஸ்திரி சொன்னது அப்போதுதான் திரும்ப ஞாபகம் வந்தது. அளக்க வருபவர்களோடு நானே இருந்தால், நான் இல்லாதபோது அவர்கள் வர முடியாது.

மறுநாள் எட்டு மணிக்குப் போய் நின்றேன். மேஸ்திரி ஆச்சரியப்படவில்லை. எங்கள் சந்துக்கு எப்போது போவோம் என்று கேட்டேன். "ஆபீஸ்ல சொன்னாத்தான்" என்றார். "நாளைக்கும் இருக்கலாம், ஆறு மாசமும் ஆகலாம்." சிவப்பு எனாமல் டப்பா, ஒரு இஞ்ச் பிரஷ், துடைக்கத் துணி. அன்று வேலை கால்வாயின் கீழ்ப்பக்கம், அடுத்த வார்டில். கேட்டால் சர்வே என்று மட்டும் சொல்ல வேண்டும், வேறு எதுவும் பேசக் கூடாது என்றார்.

முதல் வாசலில் ஒன்று என்று எழுதி முடிக்கும்போது உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் ஈரத் துணி இருந்தது.

"இது எதுக்குப்பா? இடிக்கவா?"

"சர்வேம்மா" என்றேன். மேஸ்திரி அடுத்த வீட்டுப் பக்கம் டேப்பை இழுத்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "அழிக்காதீங்க. இது இருந்தாத்தான் உங்களுக்கு வீடு. வீட்ல கல்யாணம் கில்யாணம் வந்தா மேல ஒரு பேனர் கட்டிக்குங்க. முடிஞ்சதும் கழட்டிடுங்க. அழிக்க மட்டும் அழிக்காதீங்க."

அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஈரத் துணி கையிலேயே இருந்தது. மேஸ்திரி கூப்பிட்டார். போய், அடுத்த சுவரில் இரண்டு என்று எழுதினேன்.